'கார்பன் ரிம்' மோகம்: தாம்பரம் வாலிபர்களே, உஷார்!

எடை குறையும்... பர்சும் குறையும்!
பள்ளத்தில் விழுந்தால் 'பெண்டு' எடுக்க முடியாது

தாம்பரம்.

மலை ஏறும் சைக்கிளுக்கு அகலமான 'கார்பன்' ரிம் மாட்டும் மோகம் புறநகர் வாலிபர்களையும் தொற்றிக் கொண்டு இருக்கிறது.

ஒரு ஜோடி சக்கரத்துக்குக் கொடுக்கும் பணத்தில் புது மோட்டார் சைக்கிளே வாங்கி விடலாம். அப்படி விலை போகும் ரிம்களும் உண்டு.

விலைக்குத் தகுந்த பலன் உண்டா? நம்ம ரோட்டுக்குத் தாங்குமா? விவரம் வருமாறு:-

தாத்தா காலத்து ரிம்

சென்னைக்காரர்களுக்கு சைக்கிள் புதிதல்ல. 1949-ல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்து கம்பெனியும் சேர்ந்து 'டி.ஐ. சைக்கிள்ஸ்' கம்பெனியைத் தொடங்கின. அம்பத்தூர் தொழிற்சாலையில் இருந்து 'ஹெர்குலிஸ்' வண்டிகள் தெருவுக்கு வந்தன.

அப்போது எல்லாம் இரும்பு ரிம்தான். மேலே பளபளவென்று குரோம் பூச்சு. (குரோம்பேட்டைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அந்தப் பெயர் 'குரோம் லெதர்' தோல் கம்பெனியால் வந்தது!)

வாடகை சைக்கிள் எடுத்து ஓட்டிய காலம் அது. முனிசிபாலிட்டியில் வரி கட்டி பித்தளை வில்லை வாங்கி மாட்ட வேண்டும். 'டபுள்ஸ்' போனால் போலீஸ்காரர் காற்றைப் பிடுங்கி விடுவார். ராத்திரி விளக்கு இல்லாமல் போனால் அபராதம்.

முன் சக்கரத்துக்கு 32 போக்ஸ் கம்பி, பின் சக்கரத்துக்கு 40. அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், மனைவி, இரண்டு பிள்ளைகள் - எல்லாவற்றையும் அந்த இரும்பு ரிம் சுமந்தது. பள்ளத்தில் விழுந்து கோணினால் கடையில் 'பெண்டு' எடுத்து விடுவார்கள். வேலை முடிந்தது.

குறை ஒன்றே ஒன்று. மழையில் நனைந்தால் பிரேக் பிடிக்காது. குரோம் பூச்சில் பிரேக் கட்டை வழுக்கிக் கொண்டு போகும்.

அதன் பிறகு அலுமினிய ரிம் வந்தது. கனம் குறைந்தது. பிரேக்கும் பிடித்தது. இப்போது கார்பன்.

அகலம்... குறுகல்... மறுபடி அகலம்!

'மவுண்டன் பைக்' பிறந்த இடம் அமெரிக்காவின் கலிபோர்னியா. 1970-களில் அங்குள்ள டமால்பயஸ் மலையில் வாலிபர்கள் பழைய காயலான் கடை சைக்கிள்களில் 'சர்'ரென்று இறங்கி விளையாடினார்கள். 1976-ல் பந்தயமே வைத்தார்கள். கேரி பிஷர், ஜோ பிரீஸ், டாம் ரிட்சி ஆகியோர் அந்தக் கூட்டத்தில் இருந்து வந்தவர்கள்தான்.

அந்த வண்டிகளில் இருந்தது அகலமான இரும்பு ரிம். கனமோ கனம்.

'எடையைக் குறை' என்று 1980-களில் கோஷம் கிளம்பியது. கீத் பான்ட்ரேகர் என்பவர் ரேஸ் சைக்கிளின் ஒல்லி ரிம்மை வெட்டி, வளைத்து, சிறிய சக்கரமாக ஒட்டிப் பார்த்தார். ஜோராக ஓடியது. அன்று முதல் மலை சைக்கிள் ரிம் எல்லாம் ஒல்லியாகி விட்டது. பல வருஷங்கள் இதே கதைதான்.

2010-க்குப் பிறகு காற்று திசை மாறியது. உட்பக்க அகலம் 20 மி.மீ. சுற்றி இருந்த ரிம், 30, 35 மி.மீ. என்று விரிந்தது. இரும்பில் இவ்வளவு அகலம் வைத்தால் கனம் தாங்காது. கார்பனில் வைக்கலாம். அதனால்தான் 'அகல ரிம்' என்றாலே கூடவே 'கார்பன்' என்ற பேச்சும் வருகிறது. அலுமினியத்திலும் 30 மி.மீ. ரிம்கள் வருகின்றன என்பதை விற்பவர்கள் சத்தமாகச் சொல்வது இல்லை!

அகலத்தால் என்ன லாபம்?

ஒல்லி ரிம்மில் தடித்த டயரை மாட்டினால் அது குண்டு பல்பு மாதிரி நிற்கும். அடியில் இடுப்பு சிறுத்து, மேலே வயிறு பெருத்து இருக்கும். திருப்பத்தில் சாயும்போது டயர் மடங்கும். மடங்காமல் இருக்க காற்றை ஏற்ற வேண்டும்.

'அண்ணே, காத்து எவ்ளோ அடிக்கட்டும்?'

'கல்லு மாதிரி அடிப்பா!'

நம்ம ஊர் வழக்கம் இது. தார் ரோட்டுக்குச் சரி. கல், மண், வேர் நிறைந்த பாதையில் கல்லு மாதிரி இருக்கும் டயர் பந்து போலத் துள்ளும். பிடிமானம் இருக்காது.

ரிம் அகலமானால் டயரின் இரண்டு கால்களும் அகன்று நிற்கும். காற்றைக் குறைத்தாலும் டயர் மடங்காது. தரையோடு ஒட்டிக் கொண்டு ஓடும். ரிம் 5 மி.மீ. அகலம் கூடினால் டயர் சுமார் 2 மி.மீ. பருக்கும்.

டியூப் போட்டு 35, 40 பவுண்டு அடித்தவர், டியூப்லெஸ் டயரில் 25 பவுண்டு சுற்றிப் போதும் என்பார். (உடல் எடைக்குத் தகுந்தபடி மாறும்.) கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் மாட்டி, பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும் பஞ்சர் இதில் கிடையாது.

29 இஞ்ச் அலுமினிய ரிம் ஒன்று 500 முதல் 600 கிராம் வரை இருக்கும். அதே அளவு கார்பன் ரிம் 400 முதல் 480 கிராம். நூறு கிராம்தான் வித்தியாசம்! ஆனால் சுற்றுகிற இடத்தில் குறையும் எடை என்பதால் மிதிக்கும்போது தெரியும். ரிம் விறைப்பாக இருப்பதால் வண்டியும் சொன்ன திசையில் போகும்.

'கார்பன்' என்றால் என்ன?

தலைமுடியை விட மெல்லிய கரி இழைகள். அவற்றைத் துணி மாதிரி அடுக்கி, எபாக்சி பசை ஊற்றி, அச்சில் வைத்து சூட்டில் இறுக்குகிறார்கள். நம்ம நாட்டு தேஜஸ் போர் விமானத்தின் உடலிலும் கார்பன் இழைப் பொருள் பெரும் பங்கு வகிக்கிறது.

பலம் உண்டு. ஆனால் இரும்பின் குணம் கிடையாது. இரும்பு கோணும், அலுமினியம் நசுங்கும். கார்பன் கோணாது, நசுங்காது. தாங்கும் வரை தாங்கும். மிஞ்சினால் 'படார்'!

பல்லாவரத்துக் கல்

'சென்னையில் மலை ஏது?' என்று கேட்பவர்கள் தாம்பரம் பக்கம் வந்ததில்லை. திரிசூலம், பல்லாவரம், திருநீர்மலை, வண்டலூர் என்று குன்றுகள் வரிசையாக நிற்கின்றன. ஜல்லிக்காக உடைத்து எடுத்தது போக மிச்சம் இருப்பவை இவை.

சாதாரணக் கல் அல்ல. 'சார்னகைட்' என்ற கெட்டியான பாறை. பல்லாவரத்தில்தான் 1863-ல் ராபர்ட் புரூஸ் பூட் என்ற ஆங்கிலேயர் ஆதி மனிதனின் கற்கோடரியைக் கண்டெடுத்தார். கோடரி செய்ய மனிதன் கல்லைத் தேடிய மண்ணில் கார்பன் ரிம் உருளுகிறது!

குன்றுப் பாதையை விடக் கொடுமை, ஊருக்குள் இருக்கும் ரோடு. மழைக்காலம் வந்தால் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தண்ணீர் நிற்பது ஊருக்கே தெரியும். 2015 டிசம்பர் வெள்ளத்தை யாரும் மறக்கவில்லை. தண்ணீருக்கு அடியில் பள்ளம் எங்கே, மூடி இல்லாத குழி எங்கே என்று தெரியாது. குறைந்த காற்றில் ஓடும் சக்கரம் கூர்மையான விளிம்பில் மோதினால் அடி நேராக ரிம்முக்குத்தான்.

அலுமினிய ரிம் என்றால் விளிம்பு நசுங்கும். தட்டி நிமிர்த்தி வீடு வரை வரலாம். கார்பன் விரிசல் விட்டால் எந்த மெக்கானிக்கும் சுத்தியலைத் தொடக் கூடாது. அதே சக்கரத்தில் மறுபடி ஓட்டுவது உயிரோடு விளையாடுவது.

காசைத் தட்டிப் பாருங்கள்!

விரிசலைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. சந்தையில் மண் சட்டியைத் தட்டிப் பார்த்து வாங்குவோமே, அதே வித்தைதான்.

ஒரு ரூபாய்க் காசால் ரிம்மைச் சுற்றிலும் மெதுவாகத் தட்ட வேண்டும். நல்ல இடத்தில் 'டக் டக்' என்று தெளிவாகக் கேட்கும். ஓரிடத்தில் மட்டும் சத்தம் மந்தமாக இறங்கினால் சந்தேகம். துணியால் துடைத்துப் பார்க்கும்போது நூல் சிக்கினாலும் சந்தேகம். போக்ஸ் கம்பி நுழையும் ஓட்டையைச் சுற்றி கோடு தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், கழற்றி வையுங்கள்.

உடைந்த இரும்பு ரிம்மைக் காயலான் கடையில் எடைக்குப் போடலாம். உடைந்த கார்பனை உருக்க முடியாது. காயலான் கடையில் அதற்குக் காசு கிடைக்காது.

பிரேக்கில் இருக்கிறது ஆபத்து

மலை சைக்கிளுக்கு வரும் கார்பன் ரிம்களில் பெரும்பாலானவை 'டிஸ்க் பிரேக்' வண்டிக்கு மட்டுமே செய்யப்பட்டவை. ரிம்மின் பக்கத்தில் பிரேக் கட்டை பிடிக்க இடமே கிடையாது.

கட்டை பிரேக் உள்ள கியர் சைக்கிளில் இதை மாட்டினால் என்ன ஆகும்? கட்டை சரியாகப் பிடிக்காது. உராய்ந்து சூடு ஏறினால் பசை இளகி ரிம் கெடும். இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்சுக்கு முன்னால் போய் நிற்பதைக் கற்பனை செய்தாலே குலை நடுங்குகிறது. 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு பெருங்களத்தூர் - வண்டலூர் பகுதியில் வெளியூர் பஸ்கள் எந்நேரமும் ஓடுகின்றன.

டயர் கழன்று விடும் பயமும் உண்டு. புது ரிம்கள் பலவற்றில் டயரைப் பிடிக்கும் கொக்கி கிடையாது. 2024 பிப்ரவரியில் ஐக்கிய அரபு நாட்டில் நடந்த ரேசில் பெல்ஜியம் வீரர் தாமஸ் டி கென்ட் கீழே விழுந்தார். கொக்கி இல்லாத ரிம்மில் இருந்து டயர் கழன்றது. உலகமே பேசியது. அது அதிகக் காற்று அடிக்கும் ரேஸ் சைக்கிள். மலை சைக்கிளில் காற்று குறைவு என்பதால் பயம் குறைவு. ஆனாலும் 'கல்லு மாதிரி அடி' என்ற பேச்சுக்கு இங்கே இடம் இல்லை. ரிம்மில் எழுதி இருக்கும் அளவைத் தாண்டக் கூடாது.

ஜி.எஸ்.டி. ரோடும் ஜி.எஸ்.டி. வரியும்

ரிம் விலை மட்டும் செலவு அல்ல.

வெளிநாட்டில் ஒரு கார்பன் ரிம் சுமார் 200 டாலரில் ஆரம்பிக்கிறது. பேர் போன கம்பெனியின் ஜோடி சக்கரம் 2,000 டாலரைத் தாண்டுவதும் உண்டு. சீனாவின் சியாமென் நகரில் இருந்து பார்சலில் வரவழைப்பவர்கள் இருக்கிறார்கள். கப்பல் கூலி, சுங்க வரி தனி. சைக்கிளுக்கும் உதிரி பாகத்துக்கும் ஜி.எஸ்.டி. வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்தில் இருந்து 5 ஆகக் குறைந்தது ஒரு சின்ன ஆறுதல்.

அதன் பிறகு ஹப், போக்ஸ் கம்பி, நிப்பிள், டியூப்லெஸ் டேப், வால்வு, பஞ்சர் அடைக்கும் பால், சக்கரம் கட்டும் கூலி. அந்தப் பால் நம்ம வெயிலில் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்து போகும். மறுபடி ஊற்ற வேண்டும்.

'பேரு' ஒட்டிய போலி ரிம் கையில் கிடைத்தால் பணமும் போச்சு, வாரண்டியும் போச்சு. சில கம்பெனிகள் உடைந்தால் இலவசமாக வேறு ரிம் தருகின்றன. அந்த வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குவது புத்திசாலித்தனம்.

வாங்கும் முன் 5 கேள்விகள்

1. வண்டியில் டிஸ்க் பிரேக் இருக்கிறதா? இல்லை என்றால் இந்தப் பேச்சை இத்தோடு விட்டு விடுங்கள்.

2. சக்கர அளவு என்ன? 26, 27.5, 29 ஒன்றுக்கு ஒன்று மாறாது. டயர் உட்காரும் விட்டம் முறையே 559, 584, 622 மி.மீ. (வேடிக்கை என்னவென்றால் தாத்தாவின் '28 இஞ்ச்' ரிம் 635 மி.மீ. பேரனின் 29-ஐ விடப் பெரியது!)

3. ஹப்பில் எத்தனை ஓட்டை? சாதாரண வண்டிகளில் பெரும்பாலும் 36. கார்பன் ரிம்களில் பெரும்பாலும் 28 அல்லது 32. எண் பொருந்தாவிட்டால் ஹப்பையும் மாற்ற வேண்டி வரும்.

4. டயர் அகலம் என்ன? 30 மி.மீ. ரிம்முக்கு 2.3 முதல் 2.5 இஞ்ச் டயர் பொருந்தும். 1.95 டயரை 35 மி.மீ. ரிம்மில் மாட்டினால் டயர் சப்பையாகி, ரிம் விளிம்பு கல்லுக்கு நேராக நிற்கும்.

5. பருத்த டயர் சுற்ற ஃபோர்க்கில் இடம் இருக்கிறதா? சேறு ஒட்டினாலும் உரசக் கூடாது.

திருடன் கண்ணும் அதன் மேல்தான்

இந்தச் சக்கரங்களில் பல, லிவரைத் திருப்பினால் கையோடு வந்து விடும். பூட்டுக்கு ஃபிரேம் மட்டும் போதாது. இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பூட்ட வேண்டும். ஃபிரேம் நம்பர், பில், போட்டோ மூன்றையும் வீட்டில் வைத்திருந்தால் புகார் கொடுக்கும்போது உதவும். 2022-ல் இருந்து தாம்பரத்துக்குத் தனி போலீஸ் கமிஷனர் அலுவலகமே வந்து விட்டது. ஆனால் நம்பர் தெரியாத சைக்கிளை எந்தப் போலீசாலும் அடையாளம் காட்ட முடியாது.

ஓட்டும் இடமும் முக்கியம். நன்மங்கலம் காப்புக் காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். கைவிட்ட கல்குவாரி விளிம்பில் வித்தை காட்டுவது வேண்டவே வேண்டாம். அந்தக் குட்டைகளின் ஆழம் எத்தனை வீடுகளை அழ வைத்திருக்கிறது என்பது பேப்பர் படிப்பவர்களுக்குத் தெரியும்.

யாருக்கு வேண்டும்?

பந்தயத்துக்குப் போகிறவர், வாராவாரம் மலைப் பாதையில் ஓட்டுகிறவர், உடைந்தால் மாற்ற வசதி உள்ளவர் - இவர்கள் வாங்கலாம். பலன் நிச்சயம் தெரியும்.

கேம்ப் ரோட்டில் இருந்து ரெயில்வே ஸ்டேஷன் வரை போய் வரும் தம்பிக்கு? அப்பாவிடம் சண்டை போட்டு, அம்மா வளையலை அடகு வைத்து வாங்கும் பொருள் அல்ல இது. நல்ல டயர் ஒரு ஜோடி, 30 மி.மீ. அலுமினிய ரிம், டியூப்லெஸ். பாதி சுகம் இதிலேயே கிடைத்து விடும். மிச்சப் பணத்தில் ஹெல்மெட்டும், பின்னால் எரியும் சிவப்பு விளக்கும் வாங்கலாம்.

ரிம் உடைந்தால் கடையில் வேறு கிடைக்கும். மண்டை உடைந்தால் ஸ்பேர் கிடையாது!