சீனாவில் டீச்சர் வேலையா? முதல் 30 நாள் நீங்கதான் ஸ்டூடன்ட்!

ஃபாரின் வேலைன்னு சொன்னதும் நம்ம மனசு எங்கே போகும்? அமெரிக்கா, சிங்கப்பூர், துபாய்! ஆனா பக்கத்து நாடான சீனாவிலும் பல்கலைக்கழகம், ஸ்கூல் என்று வெளிநாட்டு ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில் வேலை பார்க்கிறார்கள். கிளாஸ் எடுப்பது அவர்களுக்குப் பெரிய விஷயமே இல்லை. அதற்கு முன்னால் போலீஸ், ஆஸ்பத்திரி, பேங்க், சிம் கார்டு, காய்கறிக் கடை என்று அலைகிறார்களே, அந்த ஒரு மாதம்தான் நிஜமான பரீட்சை. நாளைக்கு உங்களுக்கே அப்படி ஒரு ஆர்டர் வந்தால்? வாங்க, கூடவே போய்ப் பார்ப்போம்.

கிளம்பும் முன்னாடியே ஒரு கேள்வி!

சீனாவில் வேலை பார்க்க 'இசட்' விசா வேண்டும். 2017-லிருந்து வெளிநாட்டு ஊழியர்களை ஏ, பி, சி என மூன்று வகையாகப் பிரித்துத்தான் பணி அனுமதி தருகிறார்கள். இங்கிலீஷ் டீச்சர் வேலை என்றால், ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள நாட்டின் பாஸ்போர்ட், ஒரு டிகிரி, இரண்டு வருட அனுபவம் என்பது பொதுவான விதி. அதனால் இந்திய பாஸ்போர்ட்டோடு ஆங்கில ஆசிரியர் வேலை கிடைப்பது ரொம்பக் கஷ்டம். அறிவியல், இன்ஜினீயரிங், மொழி என்று உங்கள் படிப்புக்கேற்ற வேலைக்கு வாய்ப்பு உண்டு. பெய்ஜிங்கில் பல்கலைக்கழக அளவில் தமிழே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், தெரியுமா?

"இப்போ டூரிஸ்ட் விசாவில் போயிடுங்க தம்பி, அப்புறம் மாத்திக்கலாம்" என்று எந்த ஏஜென்டாவது சொன்னால், ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்துடுங்க. 2013 ஜூலையில் அமலுக்கு வந்த சட்டப்படி, அனுமதி இல்லாமல் வேலை பார்த்தால் 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம். விஷயம் பெரிதானால் 5 முதல் 15 நாள் வரை காவலில் வேறு வைப்பார்கள். மாட்டுவது நீங்கள்தான்.

24 மணி நேரம்... டிக் டிக்!

விமானம் இறங்கியாச்சு. ஹோட்டலில் தங்கினால் உங்கள் பெயரை அவர்களே போலீஸுக்குச் சொல்லிவிடுவார்கள். ஃப்ளாட் என்றால் நீங்களே 24 மணி நேரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பேட்டை போலீஸ் நிலையத்துக்குப் பெயர் 'பாய்சூசுவோ'. பாஸ்போர்ட், வாடகை ஒப்பந்தம், வீட்டுக்காரரின் அடையாள அட்டை நகல் எல்லாம் கொண்டு போனால் ஒரு சீட்டு தருவார்கள். துண்டுச் சீட்டுதானே என்று அலட்சியம் வேண்டாம். அடுத்து வரும் காரியங்களுக்கு அதுதான் அஸ்திவாரம். வீடு மாறினால் மறுபடியும் பதிய வேண்டும்.

இன்னொரு விஷயம், அங்கே சிவப்பு முத்திரைக்குத்தான் மதிப்பு. கையெழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும், நிறுவனத்தின் வட்டமான சிவப்பு முத்திரை இல்லாத கடிதத்தை கவுன்டரில் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். காகிதம் எது கைக்கு வந்தாலும் முதலில் முத்திரை இருக்கிறதா என்று பாருங்க.

வரிசை தப்பினால் வம்பு

அடுத்து மெடிக்கல் செக்கப். ரத்தம், ஈ.சி.ஜி., நெஞ்சு எக்ஸ்-ரே எல்லாம் உண்டு. காலையில் வெறும் வயிற்றோடு போகணும். அந்தச் சான்றிதழோடு பணி அனுமதி. அதற்கப்புறம்தான் பாஸ்போர்ட்டில் ஒட்டும் குடியிருப்பு அனுமதி. நாட்டுக்குள் நுழைந்த 30 நாளுக்குள் இதற்கு விண்ணப்பித்தாக வேண்டும்.

இங்கேதான் ஒரு சிக்கல். விண்ணப்பித்ததும் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு ரசீது கொடுப்பார்கள். முடிவு தெரிய 15 வேலை நாள் வரை ஆகலாம். சிம் கார்டுக்கும் பேங்க் கணக்குக்கும் அசல் பாஸ்போர்ட் கேட்பார்கள். அதனால் அந்த இரண்டு வேலையையும் முதலிலேயே முடித்துவிடுவது புத்திசாலித்தனம்.

காலண்டரையும் ஒரு பார்வை பாருங்க. அக்டோபர் 1 தேசிய தினம். அதையொட்டி ஒரு வாரம் அரசு அலுவலகங்கள் லீவு. செப்டம்பர் கடைசியில் போய் இறங்கினால், உங்கள் 30 நாளில் ஒரு வாரம் அப்படியே காலி!

போன் நம்பர்தான் முகவரி

அங்கே போன் நம்பர் இல்லாதவர் பாதி மனிதர்தான். 2019 டிசம்பரிலிருந்து புது சிம் வாங்க முகத்தையும் ஸ்கேன் செய்கிறார்கள். அந்த நம்பர் இருந்தால்தான் பேங்க் கணக்கு. கணக்கு இருந்தால் சம்பளம். பார்சல் வந்தால் அதை எடுக்கும் ரகசிய எண் வருவதும் அதே நம்பருக்குத்தான்.

நம்ம ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஸ்பெஷலாக ஒரு தலைவலி: பெயர்! குடும்பப் பெயர் தனி, சொந்தப் பெயர் தனி என்று ஃபாரத்தில் இரண்டு கட்டம் இருக்கும். நமக்கோ இருப்பது இனிஷியல்! ஒரு இடத்தில் அப்பா பெயரை முன்னால் போட்டு, இன்னொரு இடத்தில் பின்னால் போட்டால், கம்ப்யூட்டருக்கு நீங்கள் இரண்டு ஆள். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ, ஒரு எழுத்து, ஒரு இடைவெளி மாறாமல் எல்லா இடத்திலும் அப்படியே எழுதுங்க.

சரி, அம்மாவிடம் எப்படிப் பேசுவது? வாட்ஸ்அப், கூகுள், யூடியூப் எல்லாவற்றுக்கும் அங்கே தடை. அங்கே எல்லாரும் புழங்கும் வீசாட்டை 2020 ஜூனில் இந்தியா தடை செய்துவிட்டது. அந்தப் பக்கமும் கதவு, இந்தப் பக்கமும் கதவு! இந்திய சிம்மை ரோமிங்கில் வைத்திருந்தால் டேட்டா நம்ம ஊர் நெட்வொர்க் வழியாகப் போகும், வாட்ஸ்அப் திறக்கும். செலவு கூடத்தான். ஆனா ஊர் பேங்கின் ஓ.டி.பி.க்கும் அந்த நம்பர் வேணுமே! கிளம்பும் முன்பே ரோமிங்கை ஏற்பாடு செய்துடுங்க.

கத்தரிக்காய் என்ன விலை?

காய்கறிக்காரம்மாவிடமும் க்யூ.ஆர். கோடுதான். வீசாட், அலிபே இரண்டிலும் 2023-லிருந்து வெளிநாட்டு கிரெடிட் கார்டுகளை இணைப்பது சுலபமாகிவிட்டது. 200 யுவானுக்கு மேல் போனால் கட்டணம் பிடிப்பார்கள். அதனால் உள்ளூர் பேங்க் கணக்கு வந்ததும் அதை இணைத்துவிடுவது நல்லது.

கடையில் விலை ஒரு 'ஜின்'னுக்கு. ஒரு ஜின் என்றால் அரை கிலோ! கிலோ விலை என்று நினைத்து "அட, சீப்பா இருக்கே" என்று அள்ளினால் பில் இரண்டு மடங்காக வரும். கடைக்காரர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் துப்பாக்கி மாதிரி நீட்டுகிறாரா? பயப்படாதீங்க. பல ஊர்களில் அது எட்டு! கட்டைவிரலும் சுண்டுவிரலும் நீட்டினால் ஆறு. 'மாய்' என்று குரல் இறங்கி ஏறினால் வாங்குவது. அதே 'மாய்' சட்டென்று இறங்கினால் விற்பது. கூச்சப்படாமல் தப்புத் தப்பாகப் பேசுங்க. சிரிப்பார்கள், திருத்துவார்கள், அவ்வளவுதானே?

அமெரிக்கரான பீட்டர் ஹெஸ்லர் 1996-ல் யாங்ட்ஸி நதிக்கரையில் இருந்த ஃபூலிங் என்ற சின்ன ஊர்க் கல்லூரிக்குப் பாடம் நடத்தப் போனார். அப்போது அந்த ஊருக்கு ரயில்கூட இல்லை, படகில்தான் போகணும். இரண்டு வருடம் அங்கே வாழ்ந்து, ஊர்க்காரர்களோடு பழகி சீன மொழி கற்றார். அந்த அனுபவத்தை 'ரிவர் டவுன்' என்ற புத்தகமாக எழுதி, 2001-ல் வெளியிட்டு உலகப்புகழ் பெற்றார்.

'லாவ்ஷி' என்றொரு வார்த்தை

சீன மொழியில் ஆசிரியருக்கு 'லாவ்ஷி' என்று பெயர். செப்டம்பர் 10 அங்கே ஆசிரியர் தினம். கிளாஸில் உங்களை லாவ்ஷி என்று மரியாதையாகக் கூப்பிடும் மாணவரிடமே, பேங்க் ஃபாரத்தை நிரப்பித் தரச் சொல்லி நீங்கள் நிற்க வேண்டி வரும். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. மொழி தெரியாமல் கவுன்டரில் நிற்பது எப்படி இருக்கும் என்று அனுபவித்த டீச்சர், கடைசி பெஞ்சில் முழிக்கும் மாணவனைத் திட்டுவதற்கு முன் ஒரு தடவை யோசிப்பார், இல்லையா?

பெட்டியில் மறக்காம வைங்க!

* சான்றளிக்கப்பட்ட டிகிரி, போலீஸ் சான்றிதழ் நகல்கள்
* பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ஒரு டஜன்
* சீன எழுத்தில் அச்சிட்ட வீட்டு முகவரி, கல்லூரி முகவரி
* இணையம் இல்லாமலே வேலை செய்யும் மொழிபெயர்ப்பு ஆப், ஊரிலேயே டவுன்லோடு செய்தது
* ரொக்கமாகக் கொஞ்சம் யுவான்
* ஒரு பேனா (கவுன்டரில் இருக்கும் பேனா எந்த நாட்டிலும் எழுதாது, பாஸ்!)