நெய்வேலிக் கரியில் ஒரு நொதியின் கைரேகை

நெய்வேலிச் சுரங்கத்தில் வெட்டிய பழுப்பு நிலக்கரிக் கட்டி ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். புதிதாக வெட்டியது ஈரமாக இருக்கும். எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். நாலு நாள் வெயிலில் கிடந்தால் வெடித்து உதிரும். சில கட்டிகளில் மரத்தின் வரி அப்படியே தெரியும். நகத்தால் நெம்பினால் சிராய் சிராயாகப் பிரியும். அங்கங்கே மஞ்சளாக மினுங்குவது பிசின். ஒரு காலத்தில் ஏதோ ஒரு மரத்தின் காயத்திலிருந்து வடிந்தது.

1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்குத் தோண்டியபோது கருப்பாக எதுவோ மேலே வந்தது என்பது ஊரறிந்த கதை. 1956-இல் சுரங்க நிறுவனம், 1961-இல் முதல் கரி, 1962-இல் மின்சாரம். அன்றிலிருந்து இந்தக் கரியை நாம் எடைபோட்டதெல்லாம் எவ்வளவு எரியும் என்ற ஒரே தராசில்தான். தாவரவியலாளர்கள் மட்டும் வேறு கண்ணால் பார்த்தார்கள். சி.ஜி.கே. ராமானுஜம் 1960களில் இதிலிருந்த மகரந்தத் துகள்களைப் பிரித்தெடுத்து, இங்கே நின்ற காட்டை வகைப்படுத்தினார். அந்தக் காட்டின் வயது மயோசீனா, அதற்கும் முந்திய இயோசீனா என்ற வாதம் பிறகு வந்தது. எப்படிப் பார்த்தாலும் கோடி ஆண்டுக் கணக்கு.

மகரந்தத்தைவிட நுண்ணிய சாட்சி ஒன்றும் கரிக்குள் தங்கும். உலகெங்கும் இத்தகைய கரிகளைக் கரைப்பானில் ஊறவைத்துப் பிரிக்கும் வேதியியலாளர்கள், 29 கார்பன் கொண்ட ஒரு வளையச் சட்டகத்தைத் தேடுகிறார்கள். அது மிகுந்திருந்தால், அங்கே நிலத்துத் தாவரங்கள் வளர்ந்து மக்கின என்று கொள்வார்கள். அந்தச் சட்டகம் ஸ்டீராலின் எலும்புக்கூடு. நம் உடலின் கொலஸ்டிராலும் ஸ்டீரால்தான். அதில் 27 கார்பன். தாவரத்தின் சிட்டோஸ்டீராலில் 29. கூடுதலான அந்த இரண்டு கார்பன் எங்கிருந்து வந்தது?

நொதி ஏற்றி வந்தது. நொதி ஒரு புரதம். செடி செத்தால் சில நாளில் அழுகிப்போகும். அது செய்துவைத்த வேலையோ மண்ணுக்கடியில் யுகக் கணக்கில் கிடக்கிறது.

செடி ஸ்டீரால் செய்யும் பாதையில் முதல் மதகு எச்.எம்.ஜி. ரிடக்டேஸ் என்ற நொதி. கொழுப்பைக் குறைக்க டாக்டர் எழுதிக்கொடுக்கும் அட்டோர்வாஸ்டாடின் மாத்திரை நம் கல்லீரலில் அடைப்பதும் இதே மதகைத்தான். இதைத் தாண்டி வரும் சின்னச் சின்னத் துண்டுகள் ஒட்டி ஒட்டி, 30 கார்பன் நீளமுள்ள ஸ்குவாலீன் சங்கிலியாகின்றன. பிறகு இன்னொரு நொதி தன் குழிவுக்குள் அந்தச் சங்கிலியைப் பிடித்து மடிக்க, நான்கு வளையமும் ஒரே மூச்சில் பூட்டிக்கொள்கின்றன. விலங்கிலும் காளானிலும் இப்படிப் பிறப்பது லானோஸ்டீரால். செடியில் பெரும்பாலும் சைக்ளோஆர்ட்டினால். அதில் குட்டியாக ஐந்தாவது வளையம் ஒன்று கூடுதலாக இருக்கும்.

மதகை அகலத் திறந்துவிட்டால் ஸ்டீரால் பெருகுமா? 1995-இல் ரப்பர் மரத்தின் ரிடக்டேஸ் ஜீனைப் புகையிலைச் செடியில் ஏற்றிப் பார்த்தார்கள். மொத்த ஸ்டீரால் ஆறு மடங்கு வரை ஏறியது. ஆனால் செடி எப்போதும்போலவே வளர்ந்தது. மிகுதியில் பெரும்பங்கு வேலை முடியாத சைக்ளோஆர்ட்டினால் போன்ற சரக்கு. செடி அதைக் கொழுப்பு அமிலத்தோடு சேர்த்துக் கட்டி, செல்லுக்குள் எண்ணெய்த் துளிகளாக ஒதுக்கி வைத்துவிட்டது. செல்லின் சவ்வு கெட்டியாகவும் கூடாது, தளரவும் கூடாது. அந்தப் பதத்தைக் காப்பது ஸ்டீரால். அதற்கு வேண்டிய அளவுக்குமேல் செடி உள்ளே விடவில்லை. பாதையில் கீழே இரண்டாவது மதகு இருப்பதை இந்தச் செடிகள் காட்டிக்கொடுத்தன.

கரியில் நாம் தேடும் கைரேகை அந்த இரண்டாவது மதகுக்குரியது. அந்த மதகில் இருப்பவை, எஸ்.எம்.டி. என்று சுருக்கிச் சொல்லும் இரண்டு நொதிகள். முதலாவது, சைக்ளோஆர்ட்டினாலின் 24-ஆம் கார்பனில் ஒரு கார்பனை ஏற்றுகிறது. இரண்டாவது, அதன்மேல் இன்னொன்றை ஏற்றுகிறது. ஒன்றோடு நின்றால் 28 கார்பன் கொண்ட கேம்பஸ்டீரால். இரண்டும் ஏறினால் சிட்டோஸ்டீரால். பின்னது சவ்வுக்குப் போகிறது. முன்னதிலிருந்து பிராசினோலைடு என்ற வளர்ச்சி ஹார்மோன் பிறக்கிறது. அந்த ஹார்மோனை 1979-இல் முதன்முதலில் இனங்காண, தேனீக்கள் சேர்த்த மகரந்தம் 200 கிலோவுக்கு மேல் தேவைப்பட்டது. கிடைத்தது சில மில்லிகிராம். ஆக, ஒரு செடி நெடுநெடுவென வளருமா, குட்டையாக நிற்குமா என்பதில் இரண்டாவது எஸ்.எம்.டி.க்கும் பங்கு உண்டு. அதை மிகையாக இயங்கவிட்டால் கேம்பஸ்டீரால் குறைந்து செடி குறுகுகிறது. அது பழுதான, ஆய்வகச் செடியான அராபிடாப்சிஸ் நாற்றின் விதையிலையை வெளிச்சத்தில் பிடித்தால், வளைந்து ஒன்றுகூட வேண்டிய நரம்புகள் பாதியிலேயே அறுந்து நிற்கும். ஒரே ஒரு கார்பனை ஏற்றும் நொதிதான். அது பிசகினால் இலையின் நீர்வழியே துண்டுபடுகிறது. இந்தத் துறையில் என்னை மிகவும் நெகிழவைத்த காட்சி இதுதான்.

நெய்வேலியை அடுத்த விருத்தாசலம் பக்கத்து நிலக்கடலை விவசாயிக்கு இந்தப் பாதை வேறு வழியில் பழக்கம். டிக்கா இலைப்புள்ளி நோய்க்கு அடிக்கும் ஹெக்சகோனசோல் மருந்து, பூஞ்சை தன் ஸ்டீராலான எர்கோஸ்டீராலைச் செய்யும் நொதியை முடக்குகிறது. சவ்வு குலைந்து பூஞ்சை நின்றுபோகிறது. அதே குடும்பத்து நொதி கடலைச் செடியிலும் இருக்கிறது. சரியான அளவில் அடித்தால் செடி தாங்குகிறது. காரணம், மருந்து பூஞ்சையின் நொதியைப் பிடிக்கும் அளவுக்குச் செடியின் நொதியைப் பிடிப்பதில்லை. அந்தக் கடலையை ஆட்டிய எண்ணெயில் இருக்கும் முதன்மை ஸ்டீரால் சிட்டோஸ்டீரால்தான். கீழே கரி, மேலே கடலை, இரண்டிலும் ஒரே சட்டகம்.

ஆகவே எனக்கு ஓர் ஆசை உண்டு. சுரங்கம் எங்கெங்கே, எந்த ஆழத்தில் வெட்டப்படுகிறதோ, அங்கெல்லாம் ஒரு கட்டியையாவது எடுத்து, இடமும் ஆழமும் குறித்துப் பத்திரப்படுத்த வேண்டும். கொதிகலனுக்குள் போய்விட்டால் அந்த 29 கார்பனும் வெறும் கரியமில வாயு.

சுரங்கத்து மேல்மண் மேடுகளைப் போன்ற தரிசுகளில் யாரும் நடாமலே வளர்ந்து நிற்பது எருக்கு. அதன் பாலில் இந்தப் பாதையின் இரண்டு கிளைகளும் இருக்கின்றன. ஸ்குவாலீன் மடிப்பில் வழிமாறிப் பிறந்த லூப்பியாலும் அமைரினும் ஒரு பக்கம். ஸ்டீராலிலிருந்து திரிந்த இதய நஞ்சு இன்னொரு பக்கம். அந்த நஞ்சுக்கு அஞ்சாமல் ஒரு வரிப்புழு இலையைத் தின்றுகொண்டிருக்கும். பூச்சிகளால் ஸ்டீராலைச் சொந்தமாகச் செய்ய முடியாது. தோலுரிக்கும் ஹார்மோனுக்கும் அதை இலையிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். புழுவின் குடலில் உள்ள நொதிகள் சிட்டோஸ்டீராலைப் பிடித்து, செடி பாடுபட்டு ஏற்றிய அந்த இரண்டு கார்பனையும் கழற்றிப்போடுகின்றன. 29 மறுபடியும் 27 ஆகிறது. புழு அடுத்த தோலை உரிக்கிறது.