மருத்துவத் திறன் தேர்வில் தேர்ச்சி மதிப்பெண்

மருத்துவத் திறன் தேர்வில் தேர்ச்சி மதிப்பெண் நிர்ணயித்தல் என்பது, ஒரு மருத்துவர் நோயாளியை நேரில் கவனிக்கும் தகுதி பெற்றுவிட்டாரா என்பதற்கு எல்லைக்கோடு வகுப்பதாகும்.

இத்தேர்வுகளில் பரவலானது ‘ஆஸ்கி’. இசுக்கொட்லாந்தின் டண்டீ நகரில் பணியாற்றிய ரொனால்ட் ஹார்டனும் உடன் பணியாற்றியோரும் 1975இல் இதைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டனர். மணி அடித்ததும் தேர்வர் ஒரு நிலையத்திலிருந்து அடுத்ததற்கு நகர்வார். ஓரிடத்தில் நெஞ்சுவலி என்று வந்தவரை விசாரிக்க வேண்டும். இன்னோரிடத்தில் பொம்மைக் கையில் ஊசி ஏற்ற வேண்டும்.

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பில் ஒரு பாடத்தின் தேர்ச்சிக்கு 35 மதிப்பெண் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். வினாத்தாள் கடினமானாலும் எளிதானாலும் அதே 35தான். மருத்துவரின் தேர்வில் இது ஆபத்து. எளிய நிலையத்தில் தகுதி குறைந்தவர் தப்பிவிடுவார்; கடினமான நிலையத்தில் தகுதியுள்ளவர் தோற்பார்.

இதற்கு ஒரு வழி, வில்லியம் ஆங்காஃபின் பெயரால் வழங்கும் முறை. எல்லைக்கோட்டில் நிற்கும் தேர்வர் எவ்வளவு பெறுவார் என வல்லுநர்கள் முன்னதாகவே மதிப்பிட்டுச் சராசரி காண்பர். ஆனால், எளிது என்று நாம் நினைத்துக் கொடுத்த வினாவில் பிள்ளைகள் தடுமாறுவதை வினாத்தாள் தயாரித்த எந்த ஆசிரியரும் அறிவார்.

ஆகவே இன்று பல இடங்களில் எல்லைக்கோட்டுத் தொடர்புப்போக்கு முறை பயன்படுகிறது. தேர்வாளர் இரண்டு மதிப்பீடுகளைத் தருவார். ஒன்று, செய்த செயல்களுக்கான மதிப்பெண். மற்றொன்று, ‘தேறவில்லை’, ‘எல்லைக்கோடு’, ‘நன்று’ என்பதுபோல் ஒட்டுமொத்தக் கணிப்பு. எல்லாத் தேர்வர்களின் மதிப்பெண்களையும் கணிப்புகளையும் வரைபடத்தில் குறித்து ஒரு நேர்கோடு வரைவர். அக்கோடு ‘எல்லைக்கோடு’ என்ற கணிப்பைச் சந்திக்குமிடத்து மதிப்பெண்ணே அந்த நிலையத்தின் தேர்ச்சி அளவு. எடுத்துக்காட்டாக, 20க்கு எளிய நிலையத்தில் அது 12ஆகவும், கடினமானதில் 9ஆகவும் அமையலாம். தேர்வர்கள் மிகச் சிலரே என்றால் இக்கோடு நம்பத்தக்கதல்ல. கல்லூரிகளின் சிறு தேர்வுகளில் இதை மறந்துவிடக் கூடாது.

வெளிநாட்டில் படித்த மருத்துவர்களுக்காகப் பிரித்தானியப் பொது மருத்துவக் கழகம் நடத்தும் பிளாப் தேர்வின் இரண்டாம் பகுதியில் இம்முறை உள்ளது. தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் பலர் அதற்குச் செல்கின்றனர். அங்கே நிலையங்களின் தேர்ச்சி அளவுகளைக் கூட்டிய பின், அளவீட்டில் நேரக்கூடிய தற்செயல் பிழைக்காகச் சிறிது மதிப்பெண்ணும் சேர்க்கப்படுகிறது. தகுதியற்றவர் தேறிவிடும் வாய்ப்பு இதனால் குறைகிறது. தகுதியுள்ள சிலர் மயிரிழையில் தவறுவதும் இதனால்தான். என் பார்வையில் இது சரியே, மறுமுறை எழுத வழியிருக்கும் வரை.

மொத்த மதிப்பெண் மட்டும் போதாது. குறைந்தது இத்தனை நிலையங்களிலாவது தேற வேண்டும் என்ற விதியும் அங்குண்டு. இல்லையேல், இனிமையாகப் பேசி அள்ளிய மதிப்பெண், நோயாளியைப் பரிசோதிக்கத் தெரியாத குறையை மூடிவிடும்.