கல்லிடுக்கில் வேரூன்றும் காடு
மண்ணும் மரமும்: 11

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், டீட்டன் மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் ஜாக்சன் ஹோல் என்னும் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கிறது. அதன் தரையில் இரண்டு நிறங்கள் மேலோங்கித் தெரியும்: சாம்பல் பூத்த சேஜ் புதர்வெளி ஒன்று, மலையை ஒட்டி வளைந்து செல்லும் மேடுகளின்மேல் கரும்பச்சையாய் அடர்ந்திருக்கும் ஊசியிலைக் காடு மற்றொன்று. இரண்டுக்கும் இடையிலுள்ள எல்லை பல இடங்களில் வரப்புப் போட்டதுபோல் துலக்கமாக இருக்கிறது. இருபுறமும் பொழிவது ஒரே பனி, அடிப்பது ஒரே வெயில்; இருபுறமும் தோண்டினால் அகப்படுவதும் பனியாறுகளின் காலத்தில் வந்துசேர்ந்த கல்லும் சரளையுமே. ஆயினும் ஒருபுறம் மரம் நிற்கிறது, மறுபுறம் நிற்கவில்லை. கல் மிகுந்த மண்ணில் காடு எப்படி வளர்கிறது என்று வியப்பதைவிட, ஒரு கல்மண்ணில் வளரும் காடு அடுத்த கல்மண்ணில் ஏன் வளரவில்லை என்று கேட்பதே பயனுள்ள கேள்வி.

பைன்டேல் பனிக்காலம் என்று புவியியலாளர் வழங்கும் கடைசிப் பனிக்காலத்தில், டீட்டன் மலையின் குடைவுகளிலிருந்து இறங்கிய பனியாறுகள், தாம் உராய்ந்துவந்த பாறைகளை உடைத்தும் அரைத்தும் சுமந்துவந்து, சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன்பு உருகிப் பின்வாங்கியபோது, அந்தச் சுமையைத் தம் முகப்பில் வில்போல் வளைந்த மேடுகளாக விட்டுச் சென்றன. இம்மேடுகளுக்கு மொரைன் என்றும், அவற்றில் அடங்கிய பொருளுக்கு டில் என்றும் பெயர். ஜென்னி, லீ, பிராட்லி, டாகர்ட், ஃபெல்ப்ஸ் என்னும் ஏரிகள் மலையடியில் தேங்கி நிற்பது இந்த மொரைன் மேடுகள் கரையாக அமைந்ததால்தான்.

பனிக்கட்டிக்குத் தரம் பிரிக்கத் தெரியாது என்பதே டில்லின் முதன்மையான இயல்பு. ஆளுயரப் பாறையும், உருளைக்கிழங்கு அளவுக் கல்லும், மணலும், பாறையோடு பாறை உரசி அரைபட்டதால் உண்டான மாவு போன்ற நுண்தூளும் அதில் ஒன்றாகக் கலந்தே கிடக்கும். நீரோட்டமோ அப்படியன்று. பனியாற்றின் முகப்பிலிருந்து பெருகி ஓடிய உருகுநீர் இதே சுமையை எடுத்து, முறத்தில் புடைத்ததுபோல் நுண்தூளை நெடுந்தொலைவுக்கு அடித்துச் சென்றுவிட்டு, கூழாங்கல்லையும் பருமணலையும் மட்டும் பள்ளத்தாக்கில் பரப்பியது. பனியாற்று வெளிப்படிவுச் சமவெளி எனப்படும் அந்தப் பரப்பில்தான் இன்று சேஜ் புதர் நிற்கிறது. புடைக்கப்படாத டில்லின்மேல் லாட்ஜ்போல் பைனும் எங்கெல்மன் ஸ்புரூஸும் நிற்கின்றன.

வேறுபாட்டை ஒரு கணக்கால் விளக்கலாம். கல் தன்னுள் வேருக்குப் பயன்படும் நீரை ஏறக்குறைய வைத்திருப்பதே இல்லை. நீர் தங்குவது கற்களுக்கு இடையிலுள்ள நுண்மண்ணில்தான். மொரைன் மண்ணில் கொள்ளளவில் பாதி கல் என்றும், எஞ்சிய பாதி தன் கொள்ளளவில் 15 விழுக்காடு நீரை வேருக்குத் தரக்கூடியது என்றும் வைத்துக்கொண்டால், ஒரு மீட்டர் ஆழ மண் 75 மில்லிமீட்டர் நீரைச் சேமிக்கும். சமவெளியில் பத்தில் ஏழு பங்கு கல்லாகவும், மிஞ்சிய மணல் 5 விழுக்காடு நீரை மட்டுமே பிடிப்பதாகவும் இருந்தால், அதே ஆழத்தில் சேர்வது 15 மில்லிமீட்டர். நாளொன்றுக்கு 3 மில்லிமீட்டர் வீதம் மரங்கள் செலவழித்தால் முதலாவது 25 நாளுக்குத் தாங்கும். இரண்டாவது ஐந்தே நாளில் தீர்ந்துவிடும். இம்மலைகளில் ஆண்டின் ஈரத்தில் பெரும்பகுதி பனியாகவே விழுந்து வசந்தத்தின் இறுதியில் ஒருசேர உருகுவதால், கோடையில் மரக்கன்றுகள் பிழைப்பதும் கருகுவதும் இந்தச் சேமிப்பைப் பொறுத்தே அமைகின்றன.

அமெரிக்க மண் வகைப்பாடு இத்தகைய மண்ணுக்கு இரண்டு அடைமொழிகளைத் தருகிறது. இரண்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கல்துண்டுகள் கொள்ளளவில் 35 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால் அது 'எலும்புக்கூட்டு மண்'; சதையாகிய நுண்மண் குறைந்து எலும்பாகிய கல் துருத்தி நிற்பதால் இப்பெயர் பொருத்தமாகவே இருக்கிறது. ஐம்பது சென்டிமீட்டர் ஆழத்தில் ஆண்டுச் சராசரி வெப்பம் 0 பாகைக்கு மேலும் 8 பாகை செல்சியஸுக்குக் கீழும் இருந்து, கோடையிலும் குளிர் விலகாதிருந்தால் அது 'கிரையிக்', அதாவது குளிர்மண்.

இக்குளிரில் நுண்ணுயிர்களின் வேலை மந்தமாகவே நடப்பதால், உதிர்ந்த ஊசியிலைகள் எளிதில் மட்காமல் தரையின்மேல் மெத்தைபோல் படிகின்றன. அந்த மெத்தையை விலக்கி ஒரு குழியின் பக்கச்சுவரைச் சுரண்டிப் பார்த்தால், முதலில் வெளிறிய மெல்லிய பட்டையொன்றும், அதன்கீழே மங்கிய பழுப்பு மண்ணும், அதற்கும் கீழே நிறம் மாறாத டில்லும் தென்படும். மெத்தையின் ஊடே இறங்கும் அமிலநீர் இரும்பையும் அலுமினியத்தையும் கரைத்துக் கீழே கொண்டுசெல்வதே வெளிறலுக்குக் காரணம். இச்செயல் முற்றிய மண்ணுக்கு ரஷ்ய உழவர் வழக்கிலிருந்து பாட்சால் என்ற பெயர் வந்தது. சாம்பலுக்கு அடியில் என்பது போன்ற பொருளுடையது அச்சொல். ஆனால் ஜாக்சன் ஹோலின் மொரைன்கள் வயதில் இளையவை, மழைவளத்திலும் சிறந்தவை அல்ல. ஆகவே அங்கே காணப்படுவது பெரும்பாலும் அரைகுறையான அடுக்குகளே. குழியிலிருந்து ஒரு கல்லைப் பெயர்த்தெடுத்தால் அதன் மேற்புறத்தில் மட்டும் நுண்வண்டல் தொப்பிபோல் ஒட்டியிருப்பதும் உண்டு. மண் உறைந்து உருகும்போது கீழிறங்கும் நீர் தூளைக் கொண்டுவந்து கல்லின் தலையில் படியவைப்பதால் நேர்வது இது.

கல்லால் நன்மையும் இல்லாமல் இல்லை. கற்கள் நெருங்கிய மண் சரிவில் எளிதில் கரைந்தோடுவதில்லை. உருகுநீரும் மேலே தேங்கி நிற்காமல் உள்ளே இறங்கிவிடுகிறது. ஆனால் வேர் ஆழமாக இறங்க இடம் கிடைக்காமல் பக்கவாட்டிலேயே படர்வதால், பெருங்காற்றில் மரம் கற்களைக் கவ்வியபடி வேரோடு சாய்கிறது. 1987 ஜூலை 21 அன்று டீட்டன் வனாந்தரத்தில் வீசிய சுழற்காற்று ஏறத்தாழ 15,000 ஏக்கர் காட்டைச் சாய்த்தது. மரம் வேரோடு பெயரும் இடத்தில் குழியும் அதன் அருகே மேடும் உண்டாகி அடிமண் மேலே வந்துவிடுவதால், பல நூற்றாண்டுகளாக உருவான அடுக்கு வரிசை அவ்விடத்தில் குலைந்து, மண்ணாக்கம் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது.

இறுதியாக, மண் பரிசோதனை அறிக்கைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஆய்வகங்கள் மண்ணை இரண்டு மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, மேலே நின்ற கல்லை ஒதுக்கிவிட்டு, கீழே விழுந்ததை மட்டுமே சோதிப்பது வழக்கம். சாதாரண வயல் மண்ணுக்கு இது போதும். பாதிக்குப் பாதி கல்லாக இருக்கும் மொரைன் மண்ணிலோ, அறிக்கையில் காணும் சத்தும் ஈரமும் நிலத்தில் உண்மையாக உள்ளதைப்போல் இருமடங்காகத் தோன்றும். கல்லின் பங்கைக் குறிப்பிடாத அறிக்கையை வைத்துக்கொண்டு அங்கே மரம் நடத் திட்டமிடுவது வீண்வேலை.