காபன் நனோகுழாய்: ஓயாத உலையும் அஸ்பெஸ்டஸ் தந்த பாடமும்

கிளிநொச்சியில் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் கற்பிக்கிறேன். காபன் பாடத்தின்போது ஒரு மாணவி கேட்டாள்: "சேர், நனோகுழாய் அவ்வளவு உறுதியெண்டால் அதை ஏன் நூல் மாதிரி நூற்கேலாது?"

நூற்கலாம். நூற்றும் இருக்கிறார்கள்.

காபன் அணுக்கள் அறுகோண வலையாகப் பிணைந்து சுருண்டதுதான் நனோகுழாய். அதன் விட்டம் தலைமயிரின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் குறைவு. 1991இல் ஜப்பானிய விஞ்ஞானி சுமியோ இயிஜிமா வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகே உலகம் இதைப் பெரிதாகக் கவனித்தது. ஆரம்பத்தில் காரீயக் கோல்களுக்கு இடையே மின்வில்லை உண்டாக்கி இதைப் பெற்றார்கள். ஒவ்வொரு முறையும் கருவியை நிறுத்தி, ஆறவிட்டு, படிந்ததைச் சுரண்டி எடுக்க வேண்டும். கிடைப்பதும் சொற்பம்.

தொடர் உற்பத்தியில் உலை ஆறுவதில்லை. ஊக்கியும் வாயுவோடு சேர்ந்தே உள்ளே போகிறது. 2004இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அலன் விண்டிலின் குழுவினர் எதனோலுடன் பெரோசீன் என்ற இரும்புச் சேர்வையையும் சிறிதளவு கந்தகச் சேர்வையையும் கலந்து, ஐதரசன் வாயுவோடு 1000 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட உலைக்குள் செலுத்தினார்கள். வெப்பத்தில் பெரோசீன் சிதைந்து நுண்ணிய இரும்புத் துணிக்கைகள் உருவாகும். எதனோலிலிருந்து பிரியும் காபன் அவற்றின் மேல் குழாயாக வளரும். குழாய்கள் ஒன்றோடொன்று சிக்கி, புகை போன்ற ஒரு படலமாகும். அதைக் கோலால் தொட்டு இழுத்தால் நூலாக வரும். நிறுத்தாமல் சுற்றிக்கொண்டே இருக்கலாம்.

சிக்கல்களும் உண்டு. இரும்புத் துணிக்கைகள் ஒன்றுசேர்ந்து பெருத்துவிட்டால் குழாய் ஒழுங்காக வளராது. விளைபொருளில் இரும்பும் மிஞ்சும். இன்று நனோகுழாய் அதிகம் போவது லிதியம் பற்றரிகளுக்கு. அங்கே மிஞ்சிய இரும்பு உள்ளே குறுஞ்சுற்றை உண்டாக்கலாம் என்பதால் அதை நீக்கியே ஆக வேண்டும்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை தூசி. நீண்டு விறைத்த நனோகுழாய்கள் எலிகளின் வயிற்றுக்குழியில் அஸ்பெஸ்டஸ் நார்களைப் போலவே அழற்சியை உண்டாக்கியதாக 2008இல் ஓர் ஆய்வு காட்டியது. 2014இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் ஒருவகை நனோகுழாயை மனிதருக்குப் புற்றுநோயை ஏற்படுத்தக்கூடியது என வகைப்படுத்தியது. ஆகவே உலையிலிருந்து பொதிவரை மூடிய அமைப்பு வேண்டும். தொழிலாளர் சுவாசிக்கும் காற்றை அளக்க வேண்டும்.

அஸ்பெஸ்டஸ் என்றால் என்னவென்று எங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மீள்குடியேறி வந்தபோது ஷெல்லில் நொறுங்கிக் கிடந்த கூரைச் சீற்றுகளை நானும் வெறுங்கையால் அள்ளிக் கொட்டினேன். உலர்ந்த தூசியைத் தும்புத்தடியால் கூட்டினேன். நனைத்துவிட்டு அள்ளுங்கள், முகத்தை மூடுங்கள் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. உடைந்த சீற்று இன்னும் வளவில் கிடந்தால், அதையாவது இப்போது செய்யுங்கள்.

அந்த மாணவிக்கு நூல் நூற்கும் விதத்தைச் சொன்ன அதே பாடத்தில் இந்தத் தூசியின் கதையையும் சொன்னேன். நாளை அவள் அப்படியொரு தொழிற்சாலையில் வேலைக்குப் போகலாம்.