மண்ணில் கிடைத்த மருந்து

சகோதரிகளே! சமையல், துணி துவைத்தல், பாத்திரம் கழுவுதல் என்று எந்நேரமும் உங்கள் கைகள் ஈரத்திலேயே இருக்கின்றன. அதனால் சிலருக்கு நகத்தின் ஓரம் வீங்கி, மாதக்கணக்கில் ஆறாமல் இருக்கும். பச்சிளம் குழந்தைகளுக்கு நாக்கில் வெண்மை படியும். நெப்பி கட்டும் இடம் சிவந்துவிடும். இவற்றிலெல்லாம் கன்டிடா என்ற பங்கசுக்குப் பங்கு இருப்பதுண்டு. அதை அடக்கும் நிஸ்டாட்டின் என்ற மருந்தைக் கண்டுபிடித்தவர்கள் இரண்டு பெண்கள் என்பது உங்களுக்குத் தெரியுமா?

எலிசபெத் ஹேசன் 1885இல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து உறவினரிடம் வளர்ந்தார். இரசாயனவியலாளரான ரேச்சல் பிரவுண் 1898இல் பிறந்தவர். பாட்டியின் தோழி ஒருவரே அவருடைய கல்லூரிச் செலவை ஏற்றார். இருவரும் நியூயோர்க் மாநிலச் சுகாதாரத் திணைக்களத்தின் ஆய்வுகூடங்களில் பணிபுரிந்தனர்.

1940களில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் பரவலாயின. அவை பக்டீரியாக்களை அழித்தபோது பங்கசுகள் பெருக இடம் கிடைத்தது. மனிதருக்குத் தீங்கின்றி அவற்றை அழிக்கும் மருந்தோ அன்று இருக்கவில்லை.

ஹேசன் பல இடங்களின் மண்ணைச் சோதித்தார். பலன் தந்தவற்றைப் போத்தலில் அடைத்து, அல்பனியிலிருந்த பிரவுணுக்குத் தபாலில் அனுப்பினார். பிரவுண் அதிலிருந்து மருந்துப் பொருளைப் பிரித்துத் திருப்பி அனுப்புவார். வேர்ஜீனியாவில் ஹேசனின் நண்பர்களுடைய பண்ணை மண்ணில் இருந்த நுண்ணங்கியே இறுதியில் கைகொடுத்தது. 1950இல் கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்டது. மாநிலத்தின் பெயரை நினைவூட்டவே மருந்துக்கு நிஸ்டாட்டின் என்று பெயரிட்டனர்.

1957இல் காப்புரிமை கிடைத்தது. அதனால் வந்த ஏறத்தாழ 1 கோடி 30 இலட்சம் டொலரில் இருவரும் தமக்கென எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. முழுவதையும் விஞ்ஞான ஆராய்ச்சிக்கே விட்டுக்கொடுத்தனர். தன் படிப்புக்கு ஒருவர் செய்த உதவியைப் பிரவுண் எத்தனையோ பேருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார்!

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பங்கசுகள் எல்லாம் ஒரே வகையல்ல. படர்தாமரைக்கும், நகம் தடித்து மஞ்சளாகி உடைந்துபோகும் நோய்க்கும் பெரும்பாலும் வேறு வகைப் பங்கசுகளே காரணம். அவற்றுக்கு நிஸ்டாட்டின் பயன் தராது. அத்தகைய நக நோய்க்குக் கொடுக்கப்படும் டெர்பினாஃபின் மாத்திரையை, கைநகத்துக்கு 6 வாரமும் கால்நகத்துக்கு 12 வாரமும் வைத்தியரின் கண்காணிப்பில் எடுக்க வேண்டும். ஈரல் நோய் இருந்தால் முன்னரே சொல்லிவிடுங்கள். ஸ்டீரொயிட் கலந்த களிம்பை நீங்களாகவே படர்தாமரைக்குப் பூசாதீர்கள். அரிப்பு அடங்கியது போலிருக்கும். நோயோ உள்ளே பரவும்.

ஆகவே, பக்கத்து வீட்டாருக்குச் சுகமளித்த களிம்பு உங்களுக்கும் பொருந்தும் என்று எண்ணாதீர்கள். நகத்துண்டைச் சோதித்துப் பார்க்கலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். வேலை முடிந்ததும் விரலிடுக்குகளை நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். இதற்குக் காசு செலவில்லை!