கட்டை மாறினால் கிட்டார் ஏன் திணற வேண்டும்?

கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களில், கோயில் திருவிழா மேடையில் கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு கிட்டாரும் இருப்பதுண்டு. வாசிப்பவர் பெரும்பாலும் கைப்பேசியில் காணொளி பார்த்துக் கற்ற இளைஞர். ஒத்திகையில் ஒரு கட்டையில் பாடியவர், மேடையேறியதும் “ரெண்டு கட்டைக்குப் போடுங்க தம்பி” என்றால் சிக்கல் தொடங்குகிறது. கீபோர்டில் பொத்தானை அழுத்தினால் போதும். கிட்டாரில் அது கிடையாது. விரல் வைக்கும் இடங்களை மட்டும் மனப்பாடம் செய்தவர் சும்மா நிற்க வேண்டியதுதான்.

கார்ட் என்பது மனப்பாடப் பட்டியல் அல்ல, ஸ்கேலிலிருந்து பிறப்பது. கிட்டாரின் ஒவ்வொரு ஃபிரெட்டும் அரைச் சுரம். 12 ஃபிரெட் ஏறினால் மேல் ஸ்தாயி. மேஜர் ஸ்கேலுக்கு 2, 2, 1, 2, 2, 2, 1 என்று ஃபிரெட்டுகளைத் தாண்ட வேண்டும். சி-யில் தொடங்கினால் சி, டி, இ, எஃப், ஜி, ஏ, பி. நம் சங்கராபரணத்தின் ஏழு சுரங்களும் இவைதாம்.

இதில் ஒன்று விட்டு ஒன்றாக மூன்றை எடுங்கள்: சி, இ, ஜி. அதாவது ச, க, ப. சிலப்பதிகாரம் படித்தவர்கள் குரல், கைக்கிளை, இளி என்றும் எண்ணிக்கொள்ளலாம். இதுதான் சி மேஜர். ஐந்து தந்திகளை மீட்டினாலும் ஒலிப்பவை இந்த மூன்றே. சி-யும் இ-யும் இருமுறை வருகின்றன.

இதே கணக்கில் ஏ-யில் தொடங்கினால் ஏ, சி, இ. முதல் சுரத்திலிருந்து இரண்டாவதற்கு மேஜரில் நான்கு ஃபிரெட், இங்கே மூன்றுதான். அதனால் இது ஏ மைனர். சி மேஜரிலிருந்து இதற்கு மாற மோதிர விரலை மட்டும் நகர்த்தினால் போதும். மற்ற இரண்டு விரல்களும் இருந்த இடத்திலேயே இருக்கும். இரண்டு கார்டுக்கும் சி-யும் இ-யும் பொது என்பதே காரணம்.

ஏழு சுரங்களிலும் இப்படிக் கட்டினால் 1, 4, 5 மேஜர். 2, 3, 6 மைனர். ஏழாவது டிமினிஷ்டு, அதன் தேவை குறைவு. ஆகவே பாட்டை சி, எஃப், ஜி, ஏ மைனர் என்று எழுதி வைக்காமல் 1, 4, 5, 6 என்று எழுதி வைப்பது நல்லது. இரண்டு கட்டை என்றால் டி-யிலிருந்து எண்ணலாம்: டி, ஜி, ஏ, பி மைனர். அவசரத்துக்கு இரண்டாம் ஃபிரெட்டில் கேப்போ மாட்டிப் பழைய விரல்களையே வைத்தும் தப்பிக்கலாம்.

ஆனால் இந்த 1, 4, 5, 6 கணக்கு எல்லா ராகத்துக்கும் பொருந்தாது. சங்கீத வகுப்பில் சரளி வரிசைக்குப் பழகும் மாயாமாளவகௌளையில் ரிஷபமும் தைவதமும் ஒவ்வொரு ஃபிரெட் கீழே இறங்கிவிடும். ஒன்று விட்டு ஒன்று என்ற முறை அங்கும் அதேதான். ஆனால் இரண்டாவது கார்ட் மேஜராகிறது, நான்காவது மைனராகிறது.